கல்லைப் படிக்கிற தொழில்

(எமது சங்கத்தின் புத்தாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் சங்கச் செயலாளர் தொலைபேசி எடுத்து, "அண்ணை, இம்முறை நீங்கள் செய்யிற தொழிலைப் பற்றி ஒரு இருபது நிமிசம் பேசவேணும்" என்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. எங்கட ஆட்களுக்கு டாக்குத்தர் தெரியும், எஞ்சினியர் தெரியும், கணக்காளர் தெரியும். என்னைப் பற்றிக் கேட்டால், "அவர் வடக்கில கல்லு உடைக்கிறாராம்" என்றுதான் சொல்லுவினம். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் உடைக்கிறதை விடப் பார்க்கிறதும் எழுதுகிறதும்தான் கூட. ஆகவே அந்தத் தொழில் என்ன, அதில் எங்கட சமூகத்துக்கு எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல முயற்சிக்கிறேன்.

நான் 1989ஆம் ஆண்டு அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவன். ரொறன்ரோவில் இரண்டு வருடம் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். பிறகு தெரிந்த ஒருவர் மூலமாக, ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வடக்கே இருக்கிற ரிம்மின்ஸ் என்ற சுரங்கப் பட்டணத்தில் பெட்டி தூக்குகிற வேலை கிடைத்தது. அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது கல். நீளமான, உருண்டையான, மெழுகுதிரி போன்ற கல். அதற்குத்தான் "கோர்" என்று பெயர். தூக்கத் தொடங்கியவன் பிறகு படித்தேன். அன்று தொடங்கி இன்றுவரை அதே கல்லோடுதான் வாழ்க்கை.

கோர் என்றால் என்ன?

நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அறிய ஊரில் என்ன செய்தோம்? கிணறு வெட்டினோம். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டின ஐயாமாரைக் கேட்டால் ஒழுங்காகச் சொல்லுவார்கள்: மேலே செம்மண், அதன் கீழ் மக்கி, பிறகு கல், கல்லுக்குள் வெடிப்பு, வெடிப்புக்குள் தண்ணீர். எத்தனை முழத்தில் எது வந்தது என்பது அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் செய்ததுதான் நான் செய்கிற தொழிலின் மூலம். வித்தியாசம் என்னவென்றால், நாங்கள் போகிற ஆழத்துக்கு ஆள் இறங்கி வெட்ட முடியாது. ஐந்நூறு மீற்றர், ஆயிரம் மீற்றர், சில இடங்களில் அதைவிடக் கூட.

ஆகவே உள்ளே வெறுமையான ஒரு உருக்குக் குழாயை எடுத்து, அதன் வாயில் வைரத் துகள் பதித்த வளையம் ஒன்றைப் பூட்டி, தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டு வேகமாகச் சுற்றுவார்கள். வளையம் சுற்றிவர இருக்கிற கல்லை அரைத்துக்கொண்டு கீழே போகும். நடுவில் இருக்கிற கல் அரைபடாமல் குழாய்க்குள் ஏறி நிற்கும். ஏறத்தாழ 3 மீற்றர் நிரம்பியதும் கம்பிக் கயிற்றை விட்டு உள்குழாயை மட்டும் மேலே இழுத்து, கல்லை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பவும் இறக்குவார்கள். நாங்கள் அதிகமாகக் காணுகிற அளவு "என்.கியூ" என்பது. அந்தக் கல்லின் விட்டம் 47.6 மில்லிமீற்றர். ஒரு சின்னத் தேங்காய்ச்சில்லு அகலம் என்று வையுங்கோ.

இந்த வேலைக்குக் குளிர்காலம்தான் வசதி. வடக்கு ஒன்ராறியோவில் பல இடம் சதுப்பு. அது உறைந்தால்தான் இயந்திரம் போகும். பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக் குளிரில் இரவும் பகலும் துளையிடுகிற தொழிலாளர்களை நான் இந்த இடத்தில் நினைக்கவேண்டும். அவர்கள் கல்லைப் பெட்டியில் ஒழுங்காக வைக்காவிட்டால், என்ரை பேனாவால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாங்கள் துளையிடுகிற காடு வெறுங்காடு அல்ல. கிறீ, ஒஜிப்வே போன்ற பூர்வீக மக்களின் நிலம் அது. சொந்த நிலத்தை விட்டு வந்த நாங்கள் இன்னொருவருடைய நிலத்தில் நிற்கிறோம் என்ற நினைவு எங்களுக்குக் கட்டாயம் இருக்கவேண்டும்.

கொட்டிலுக்குள் நடப்பது

பெட்டிகள் கோர் கொட்டிலுக்கு வரும். நீண்ட மேசை, நல்ல வெளிச்சம், தண்ணீர்க் குழாய், கல் வெட்டுகிற வாள். பெட்டிகளை வரிசையாக அடுக்குவோம். புத்தகம் வாசிக்கிற மாதிரி, இடமிருந்து வலம், மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை. துளையிட்டவர்கள் ஒவ்வொரு தடவையும் குழாயை இழுத்த இடத்தில் ஒரு சிறு மரக்கட்டை வைத்து, அதில் ஆழத்தை எழுதியிருப்பார்கள்.

முதல் வேலை விளக்கம் எழுதுவது அல்ல, அளப்பது. இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே 3 மீற்றர் துளையிட்டதாக எழுதியிருக்கிறது. பெட்டியில் இருக்கிற கல்லை உடைந்த முனையோடு முனை பொருத்தி நாடா பிடித்தால் 2.70 மீற்றர்தான். அப்ப 90 வீதம் கிடைத்திருக்கிறது, 30 சென்ரிமீற்றரைக் காணவில்லை. அதையும் எழுதவேண்டும். அதற்குப் பெயர் "கோர் இழப்பு". கல் நொறுங்கித் தண்ணீரோடு போயிருக்கலாம், அரைபட்டிருக்கலாம், அந்த இடத்தில் பொந்தே இருந்திருக்கலாம். இதைப் பற்றிப் பிறகு திரும்பவும் பேசுவேன், மனதில் வைத்திருங்கோ.

இரண்டாவது, கல் எவ்வளவு முழுதாக இருக்கிறது என்று பார்ப்பது. இதற்கு அமெரிக்கப் பேராசிரியர் டொன் டியர் 1960களில் ஒரு எளிய கணக்குத் தந்தார். "ஆர்.கியூ.டி" என்று சொல்லுவோம். 10 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் நீளமான துண்டுகளை மட்டும் கூட்டு, துளையிட்ட நீளத்தால் பிரி, நூறால் பெருக்கு. 300 சென்ரிமீற்றரில் அப்படியான துண்டுகள் 210 சென்ரிமீற்றர் இருந்தால் 70 வீதம். 90க்கு மேல் மிக நல்ல பாறை, 25க்குக் கீழ் மிகவும் மோசமான பாறை. துளையிடும்போதோ பெட்டியில் வைக்கும்போதோ உடைந்ததை இயற்கையான வெடிப்பாக எண்ணக்கூடாது. இயற்கை வெடிப்பின் முகம் பெரும்பாலும் கறை பிடித்தோ, களி படிந்தோ, வழுவழுப்பாகவோ இருக்கும். புதிதாக உடைந்த முகம் சுத்தமாகவும் கூராகவும் இருக்கும்.

பிள்ளைகளே, இது சும்மா கணக்கு அல்ல. சுரங்கத்தில் ஒரு குகையை எவ்வளவு அகலமாக வெட்டலாம், கூரைக்கு எத்தனை இரும்பு ஆணி அடிக்கவேண்டும் என்று எஞ்சினியர் தீர்மானிக்கும்போது பார்க்கிற இலக்கங்களில் இதுவும் ஒன்று. கொட்டிலில் களைப்பில் இருக்கிற ஒருவன் 40 என்று வரவேண்டிய இடத்தில் 80 என்று போட்டால், சில வருடம் கழித்து அந்தக் கூரைக்குக் கீழே ஒரு தகப்பன் நிற்பான்.

மூன்றாவதுதான் விளக்கம். கல்லை நனைத்தால் நிறம் தெளியும். பத்து மடங்கு பெருப்பிக்கிற கைவில்லையால் மணிகளைப் பார்ப்போம். கத்தியால் கீறுவோம். நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்போம். நுரைத்தால் சுண்ணாம்பு சேர்ந்த கனியம். காந்தத்தைத் தொங்கவிட்டு இழுக்கிறதா என்று பார்ப்போம். பிறகு எத்தனையாம் மீற்றரிலிருந்து எத்தனையாம் மீற்றர் வரை, என்ன பாறை, நிறம் என்ன, மணி பெரிதா சிறிதா, என்ன கனியம் எத்தனை வீதம், நரம்புகள் கோரின் நீள அச்சோடு எத்தனை பாகை சாய்ந்திருக்கின்றன என்று ஒவ்வொரு நிரலையும் நிரப்புவோம். முன்பு பென்சிலும் தாளும். இப்போது கணினி. ஆனால் கண்ணுக்கு வேலை ஒன்றுதான்.

மஞ்சளாக மினுங்குகிறதெல்லாம் பொன் இல்லை என்று எங்கட பெரியவர்கள் சொல்லுவார்கள். கொட்டிலில் அதைக் கத்தி சொல்லும். இரும்புக் கந்தகக் கல்லான பைரைற்று கத்திக்கு மசியாது. செப்புக் கனியமான கல்கோபைரைற்று கீறினால் தூளாகும். தங்கம் தூளாகாது, வழிந்து கொடுக்கும்.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த முதிய நிலவியலாளர் முதல் நாளே சொன்னார்: "நீ கண்டதை ஒரு நிரலில் எழுது. நீ நினைக்கிறதை இன்னொரு நிரலில் எழுது. இரண்டையும் ஒரு நாளும் கலக்காதே." 'சாம்பல் நிறம், நுண்மணி, நுரைக்கவில்லை' என்பது கண்டது. 'இது எரிமலைக் குழம்பு' என்பது நினைத்தது. நினைத்தது பிழைக்கலாம். நாளைக்கு வேறொருவர் நல்ல விளக்கம் சொல்லுவார். கண்டதை ஒழுங்காக எழுதியிருந்தால், அவருக்கு என்ரை எழுத்து உதவும். கலந்து எழுதியிருந்தால் உதவாது.

எழுதி முடிந்ததும் படம் எடுத்து, எங்கே மாதிரி எடுப்பது என்று குறிப்போம். அந்தப் பகுதியை வாளால் நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை இலக்கச் சீட்டோடு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். மற்றப் பாதி அதே பெட்டியில், அதே இடத்தில் இருக்கும். அதைப் பத்திரமாக வைப்பது சட்டம்போல. ஏனென்றால் என்ரை சொல்லை ஒருவர் நம்பத் தேவையில்லை. பெட்டியைத் திறந்து அவரே பார்க்கலாம். அல்பேர்ட்டா மாகாணத்தில் கல்கரி நகரில் இப்படியான பெட்டிகளுக்கென்றே அரசாங்கக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள். எங்களுக்கு நூல் நிலையம் எப்படியோ, எங்கட தொழிலுக்கு அது அப்படி.

இரண்டு கதைகள்

கோரை ஒழுங்காகப் படித்தால் என்ன நடக்கும், படிக்க விடாமல் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு உண்மைக் கதை சொல்லுகிறேன்.

முதலாவது ரிம்மின்ஸிலேயே நடந்தது. 1963ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ரெக்சஸ் கல்ஃப் சல்ஃபர் என்ற அமெரிக்கக் கம்பனி அந்தப் பட்டணத்துக்கு வடக்கே சதுப்புக் காட்டில் ஒரு துளை போட்டது. 655 அடி ஆழம். வெளியே வந்த கோரை, அக்கம்பனியின் தலைமை நிலவியலாளர்களில் ஒருவரான வோல்ரர் ஹொலிக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டார்: 599 அடி நீளத்துக்குச் சராசரி 1.15 வீதம் செப்பு, 8.64 வீதம் நாகம். பிறகு கோரைப் பிளந்து பாதியை யூட்டா மாநிலத்துக்கு அனுப்பினார்கள். டிசம்பரில் இரசாயன முடிவு வந்தது. செப்பு 1.18 வீதம், நாகம் 8.26 வீதம், கூடவே வெள்ளி. கண்ணுக்கும் இரசாயனத்துக்கும் எவ்வளவு கிட்டிய பொருத்தம் என்று பாருங்கோ! அதுதான் கிட் கிறீக் சுரங்கம். 1966இல் தொடங்கிய அந்தச் சுரங்கம் பிற்காலத்தில் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் ஆழம் வரை போனது. அந்தப் பாறையின் வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள்.

ஆனால் கதையின் மற்றப் பாதி அவ்வளவு அழகில்லை. அயலிலுள்ள நிலத்தை வாங்கும்வரை கம்பனி செய்தியை மறைத்தது. துளையிட்ட இடத்தை மூடி மறைத்து, வேறிடத்தில் ஒன்றுமில்லாத துளை ஒன்றையும் வேண்டுமென்றே போட்டார்கள். விசயம் தெரிந்த உள்ளாட்கள் சிலர் பங்குகளை வாங்கினார்கள். 1964 ஏப்ரல் 12ஆம் திகதி, வதந்திகள் மிகைப்பட்டவை என்ற மாதிரி அறிக்கை விட்டு, நாலு நாளில் பெரிய கண்டுபிடிப்பு என்று அறிவித்தார்கள். வழக்கு நடந்து, 1968இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கோர் உண்மையைச் சொன்னது. மனிதர்தான் சொல்லவில்லை.

இரண்டாவது கதை 1990களில், இந்தோனேசியாவின் போர்ணியோத் தீவில், புசாங் என்ற இடத்தில். பிறி-எக்ஸ் என்ற கல்கரிக் கம்பனி, அங்கே உலகிலேயே பெரிய தங்கப் படிவுகளில் ஒன்று இருப்பதாகச் சொன்னது. 1997 பெப்ரவரியில் சொன்ன கணக்கு 7 கோடியே 10 இலட்சம் அவுன்ஸ். கனடா முழுவதும் ஆட்கள் பங்கு வாங்கினார்கள். பெரிய பணக்காரர் மட்டுமல்ல, சாதாரணத் தொழிலாளர்களும் வாங்கினார்கள். ஒன்ராறியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியும் அதில் பணம் போட்டது.

அங்கே கோரை எப்படிக் கையாண்டார்கள்? இடைக்கிடை சின்னத் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் முழுதாக நொறுக்கி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். மற்றப் பாதி என்று ஒன்றுமில்லை. திறந்து பார்க்கப் பெட்டி இல்லை. நொறுக்கின கல்லுக்குள் வெளியிலிருந்து கொண்டுவந்த தங்கத் தூளைக் கலந்திருந்தார்கள். 1997 மார்ச் மாதம் ஃபிறீபோர்ட் என்ற வேறொரு கம்பனி, பழைய துளைகளுக்கு மிகக் கிட்டவே தானும் துளை போட்டு, குறிப்பிடத்தக்க தங்கம் இல்லை என்று சொன்னது. மே மாதம் ஸ்ராத்கோனா என்ற சுயாதீன நிறுவனமும் மாதிரிகள் பொய்யாக்கப்பட்டன என்று அறிக்கை தந்தது. கோடிக்கணக்கான டொலர் ஒரு சில வாரத்தில் பூச்சியமானது.

இதற்குப் பிறகுதான் கனடாவில் சட்டம் இறுக்கமானது. ஒன்ராறியோவில் நிலவியலாளர்கள் பதிவு செய்யவேண்டும் என்ற சட்டம் 2000ஆம் ஆண்டு வந்தது. 43-101 என்ற விதி 2001இல் நடைமுறைக்கு வந்தது. கம்பனி ஒன்று தன் படிவைப் பற்றிய தொழில்நுட்பத் தகவலைப் பொதுமக்களுக்குச் சொன்னால், தகுதியுள்ள ஒருவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். விதி நல்லதுதான். ஆனால் அதற்கு அடியில் இருப்பது பழைய பழக்கம்தான்: கண்டதை எழுது, மற்றப் பாதியை வைத்திரு.

எனக்கு நடந்த ஒன்று

இது பெரிய மனிதர்களின் கதை மட்டுமல்ல என்பதற்காக என்ரை அனுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். கம்பனியின் பெயர் வேண்டாம். நான் ஒரு கோரில் கல்கோபைரைற்று 2 வீதம் என்று எழுதினேன். அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பானவர் வந்து, "5 வீதம் போலத் தெரியுதே, இன்னொருக்கால் பார்" என்றார். பார்த்தேன். மினுங்கினதில் கூடப் பங்கு பைரைற்று. கத்தி மசியவில்லை. கல்கோபைரைற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் செப்பு. 2க்கும் 5க்கும் இடையில் இருக்கிற வித்தியாசம், ஒரு துளையை விட்டுவிட்டுப் போவதா, இன்னும் பத்துத் துளை போடுவதா என்ற வித்தியாசம். அவர் அடுத்த நாளும் கேட்டார்.

அந்த நேரம் மனிசியும் பிள்ளையும் இன்னும் கொழும்பில் லொட்ஜில் இருந்தவை. அவையைக் கூப்பிடுவதற்கு எனக்கு நிரந்தர வேலையும் சம்பளக் கடிதமும் வேணும். அவருக்கு அது தெரியும். நான் 2 என்பதை மாற்றவில்லை. கோபமாகப் பேசவும் இல்லை. "பாதி பெட்டியில இருக்கு, நீங்கள் வேறொருவரைக் கொண்டும் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன். வசந்தத்தில் என்ரை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆய்வுகூட முடிவு வந்தபோது நான் அங்கே இல்லை. அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாலு மாதம் திரும்பவும் கோப்பை கழுவினேன். குடும்பம் வருவது ஒரு வருடம் பிந்தியது. மனிசிக்குத் தொலைபேசியில் அதைச் சொன்ன நாள் இலகுவான நாள் அல்ல. பிறகு வேறொரு இடத்தில் வேலை கேட்டபோது, அங்கிருந்தவர் என்ரை பழைய பதிவுகளை வாசித்திருந்தார். "உன்ரை எழுத்தைப் பார்த்தால் கல் கண்ணுக்கு முன்னால தெரியுது" என்றார். வேலை கிடைத்தது. எப்பவும் இப்படி நடக்கும் என்று நான் பிள்ளைகளுக்கு உறுதி சொல்ல மாட்டேன். நடக்காமலும் போகலாம். ஆனால் கையெழுத்து எங்கட கையெழுத்து.

எங்கட பிள்ளைகளுக்கு

நிலவியல் எங்களுக்குப் புதிய துறை அல்ல. ஆனந்த குமாரசுவாமியைக் கலைப் பேரறிஞராகத்தான் நாங்கள் அறிவோம். ஆனால் அவர் முதலில் ஒரு நிலவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனியவள ஆய்வுக்குப் பணிப்பாளராக இருந்தவர். தோரியனைற்று என்ற கனியத்தை 1904இல் இனங்கண்டவர்.

குடாநாட்டின் சுண்ணக்கல்லையே எடுங்கோ. மயோசீன் காலத்துக் கடலில் படிந்தது. இரண்டு கோடி ஆண்டுக் கணக்கு. மழைத் தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே பொந்துகளை உண்டாக்கியிருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணறும் அப்படியான கரைசலால் வந்ததுதான். எங்கட குடிதண்ணீரில் பெரும் பகுதி அந்த வெடிப்புகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும்தான் நிற்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தக் கல்லைப் படித்த ஆட்கள் வேணும். இங்கே படிக்கிற ஒரு பிள்ளைக்கு அந்த வேலை ஒரு நாள் தேவைப்படலாம்.

பெற்றோரே, பிள்ளை கல் பொறுக்கிக்கொண்டு வந்தால் வெளியே எறியச் சொல்லாதேங்கோ. டாக்குத்தர் வேலை நல்ல வேலைதான். ஆனால் உலகம் டாக்குத்தரால் மட்டும் நடக்கவில்லை. பல்கலைக்கழகம் போய் நிலவியலாளராகலாம், கல்லூரியில் படித்துத் தொழில்நுட்பவியலாளராகலாம். பெண் பிள்ளைகளும் இன்று கொட்டிலில் நிறைய வேலை செய்கிறார்கள். இரண்டு கிழமை காட்டில், இரண்டு கிழமை வீட்டில் என்கிற வாழ்க்கை கஷ்டம்தான், அதை மறைக்கவில்லை.

இழப்பையும் அளந்து எழுதுவோம்

முடிக்கிறதுக்கு முதல், மனதில் வைத்திருக்கச் சொன்ன "கோர் இழப்பு" பற்றி.

30 சென்ரிமீற்றர் காணவில்லை. மேலேயும் சாம்பல் கல், கீழேயும் சாம்பல் கல். நடுவிலும் சாம்பல் கல்தான் இருந்திருக்கும் என்று எழுதிவிட ஆசை வரும். எழுதக்கூடாது. "இங்கிருந்து இங்கு வரை இழப்பு, 0.30 மீற்றர்" என்றுதான் எழுதவேண்டும். பல நேரம் நொறுங்கிப் போகிற அந்தத் துண்டுதான் முக்கியமான துண்டு. பாறை பிளந்த இடம் அது. அதைச் சுற்றியிருந்த கல்லால் நிரப்பினால் பிளவே மறைந்துபோகும். எழுதாமல் விட்டாலோ, அதற்குக் கீழே இருக்கிற அத்தனை ஆழமும் பிழைத்துப்போகும்.

எங்கட சங்கத்தில் ஊர்க் கதைகளையும் குடும்பக் கதைகளையும் எழுதிவைக்கவேண்டும் என்று நெடுங்காலமாகப் பேசுகிறோம். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எழுதவேண்டும். ஆனால் எப்படி எழுதுவது? நான் என்ரை தொழில் வழக்கத்தைத்தான் சொல்லுவேன். கண்டதை ஒரு பக்கம், கேட்டதை ஒரு பக்கம், நினைக்கிறதை இன்னொரு பக்கம். யார் சொன்னது, எந்த நாளில் எழுதினது என்று போடுங்கோ. எங்களுக்குச் சாதகமானதை மட்டும் எழுதாமல், இருந்ததை எழுதுவோம். கூட்டி எழுதின ஒரு வரி, உண்மையான நூறு வரியையும் சந்தேகப்பட வைக்கும். அகதி விசாரணையில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

தெரியாத இடத்தை வெறுமையாக விடாமல், "தெரியாது" என்று எழுதுங்கோ. எங்களில் பலருடைய வீட்டில் காணாமற் போனவர் இருக்கினம். அவரை இறந்தவர் என்று எழுத மனம் வராது, இருக்கிறார் என்றும் எழுத ஏலாது. எழுதத் தேவையில்லை. "இன்ன திகதி, இன்ன இடம், கடைசியாகக் கண்டவர் இன்னார். அதற்குப் பிறகு தெரியாது." அவ்வளவையும் எழுதினால், அந்த இடம் எங்கே தொடங்கியது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியும். எழுதாமல் விட்டால், அவர் இருந்ததே தெரியாமல் போகும்.

மற்றப் பாதியையும் மறக்கவேண்டாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, 97,000 வரையான நூல்களோடு வேறெங்கும் படியில்லாத ஓலைச் சுவடிகளும் போய்விட்டன. ஆகவே எழுதுகிற எதற்கும் இரண்டு படி. ஒன்று வீட்டில், ஒன்று சங்கத்தில். இந்தப் புத்தாண்டில் குடும்பத்துக்கு ஒரு கொப்பி என்று தொடங்கலாம் என்பது என்ரை பணிவான வேண்டுகோள். முதல் கொப்பியை நான் வாங்கி வந்திருக்கிறேன். விழா முடிந்ததும் செயலாளரிடம் கொடுப்பேன். அதில் முதல் பக்கத்தில் என்ரை ஐயாவின் பெயரும், அவர் எங்கட வளவில் கிணறு வெட்டுவித்தபோது எத்தனை முழத்தில் கல் வந்தது என்று சொன்னதும் இருக்கிறது. வருடம் எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதியிருக்கிறேன்.

 பிறக்கிற ஆண்டு எல்லோருக்கும் நல்ல சுகத்தையும் நிம்மதியையும் தரட்டும்.